பூ உண்டு, பிஞ்சு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

பூக்கிறது, காய்க்கவில்லை என்ற குறையைப் பயிருக்குப் பயிர் மாற்றி மாற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். மகரந்தம் பூவின் சூலகமுடியில், அதாவது பெண் பாகத்தின் நுனியில், விழுவது ஒரு வேலை. அங்கிருந்து, பின்னால் விதையாகப் போகும் சூலுக்குள் போய்க் கருவுறுவது இன்னொரு வேலை. இரண்டில் எது நின்றுபோனது என்று பார்க்காமல் கடைக்குப் போய் 'பூ உதிராமல் இருக்க ஏதாவது கொடுங்கள்' என்று கேட்பதால்தான் காசு வீணாகிறது. எந்தப் பயிரில் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது என்பதையே இந்தப் பதில்களில் சொல்ல முயன்றிருக்கிறோம்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் பரங்கிக் கொடி வைத்திருக்கிறேன். நிறையப் பிஞ்சு விடுகிறது. எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி அழுகி விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, தாம்பரம்

மருந்தை எடுக்குமுன் விழுந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தாலோ, தோலில் ஊசி குத்தியது போன்ற துளையும் பிசினும் இருந்தாலோ அது பழ ஈயின் வேலை. புழு இல்லை, பூ ஒட்டியிருந்த நுனியிலிருந்து அழுகல் தொடங்கியிருக்கிறது என்றால் அந்தப் பூ கருவுறவே இல்லை. மாடித் தோட்டங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம்.

பரங்கியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவுக்கு நீண்ட மெல்லிய காம்பு. நடுவில் மஞ்சள் தூள் அப்பிய ஒற்றைத் தண்டு. பெண் பூவுக்குக் குட்டையான தடித்த காம்பு, பூவுக்கு அடியிலேயே ஒரு குட்டி உருண்டை. இந்த உருண்டைதான் சூற்பை. மொட்டாக இருக்கும்போதே அது இருக்கும். மகரந்தம் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். கருவுறாவிட்டால் மூன்று, நான்கு நாளில் மஞ்சளித்துவிடும்.

பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ வேறு வண்டோ தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. மூன்றாம், நான்காம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு. ஆகவே கையால் செய்துவிடுங்கள். பூ விடியும்போது மலரும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொள்ளும். எனவே காலை ஆறு முதல் எட்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களை முழுக்கக் கிழித்துவிடுங்கள். கையில் நிற்கும் மஞ்சள் தண்டை அன்று மலர்ந்த பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துச் சுற்றுங்கள். சூலகமுடி மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் தூள் ஒட்ட வேண்டும். ஒரு மடலை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்துச் சூல்கள் போதிய அளவு கருவுறாமல் காய் கோணலாக, ஒரு பக்கம் சூம்பி வளரும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். ஒரு பரங்கியில் நூற்றுக்கணக்கில் விதை இருப்பதால் தூளைக் கஞ்சத்தனமாகத் தொட்டு வைப்பது பயன் தராது. ஒரு பெண் பூவுக்கு ஒரு முழு ஆண் பூவையே செலவிடுங்கள்.

பூவில் பனித்துளியோ மழைத்துளியோ நின்றால் உதறிவிட்டுக் காய்ந்த பிறகு தொடுங்கள். தண்ணீரில் நனைந்த மகரந்தம் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். செடிக்குக் காலையில் மேலிருந்து பூவாளியால் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் மாற்றி வேரில் ஊற்றுங்கள்.

கருவுற்ற பிஞ்சு இரண்டு, மூன்று நாளிலேயே பளபளப்போடு பருக்கத் தொடங்கும். ஒன்று பெருத்துவிட்ட பிறகு அதே கொடியில் அடுத்தடுத்து வரும் பிஞ்சுகள் சில உதிரும். சத்து போதாமல் கொடியே உதிர்ப்பது அது. அதற்குக் கவலை வேண்டாம். தொட்டியில் வளரும் ஒரு கொடி இரண்டு மூன்று காய்களைத் தாங்கினாலே நல்ல கணக்குதான்.

எல்லாக் கொடிக்கும் காலை வேளை பொருந்தாது. சுரை, பீர்க்கு, புடலை ஆகியவை மாலையிலோ இரவிலோ மலர்பவை. சுரைக்கும் பீர்க்குக்கும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் பூ விரிந்ததும் செய்யுங்கள். பாகல் காலையில் மலரும். கோவைக்காய்க்கு இந்த வேலையே இல்லை. நாம் தண்டு வெட்டி நடுவது பெண் கொடி; அது கருவுறாமலே காய்க்கும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். 'இரட்டைக் கருவுறுதல்' என்பதைப் படம் வரைந்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு கரு உண்டாக ஒரு ஆண் செல் போதுமே, செடி ஏன் இரண்டை அனுப்புகிறது?
– மாணவர், சங்கரன்கோவில்

நல்ல கேள்வி. இரண்டாவது செல் எதற்கு என்று தெரிந்துகொண்டால் படம் தானாக மனத்தில் நிற்கும்.

மகரந்தத் துகள் சூலகமுடியில் விழுந்ததும் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சி முளைக்கிறது. அதற்கு முன்பே சூலகமுடி ஒரு சோதனை வைக்கிறது. வேற்றினத்துத் துகள் என்றால் பெரும்பாலும் முளைக்க விடாது. பல செடிகளில் தன்னுடைய மகரந்தத்தையே தடுத்துவிடும். தேறிய துகளிலிருந்து ஒரு நுண்ணிய குழாய் கிளம்பி, சூலகத்தண்டின் திசுவழியே கீழே வளர்கிறது. துகளுக்குள் இருக்கும் உருவாக்க செல் பிரிந்து இரண்டு ஆண் செல்களாகிறது. பெரும்பாலான செடிகளில் இது குழாய் வளரும்போது நடக்கும். நெல், மக்காச்சோளம், சூரியகாந்தி போன்றவற்றில் துகள் உதிரும் முன்பே பிரிந்திருக்கும். இந்த ஆண் செல்களுக்கு நீந்தும் வால் கிடையாது. குழாய்தான் அவற்றைச் சுமந்து போகிறது.

சூலுக்குள் இருப்பது கருப்பை. பெரும்பாலான செடிகளில் ஏழு செல், எட்டு உட்கரு. சூல்துளைப் பக்கம் ஒரு அண்ட செல், அதன் இருபுறம் இரண்டு சினர்ஜிட் செல்கள். எதிர்முனையில் மூன்று எதிரடிச் செல்கள். நடுவில் இரண்டு துருவ உட்கருக்களைக் கொண்ட பெரிய மைய செல். குழாய்க்கு வழிகாட்டுவது சினர்ஜிட்கள். அவை சுரக்கும் சிறு புரதங்கள் குழாயை இழுக்கின்றன. ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் ஹிகாஷியாமா குழுவினர் டொரேனியா என்ற பூச்செடியில் இந்தப் புரதங்களைக் கண்டறிந்து 2009இல் வெளியிட்டார்கள். அவர்கள் டொரேனியாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: அதன் கருப்பை சூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம்.

குழாய் ஒரு சினர்ஜிட்டுக்குள் நுழைந்து வெடிக்கிறது. அந்த சினர்ஜிட் அத்தோடு அழிகிறது. வெளிவந்த இரண்டு ஆண் செல்களில் ஒன்று அண்டத்தோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று மைய செல்லோடு சேர்ந்து கருவூண் திசுவாகிறது. கருவுக்கு உணவு அதுதான். நெல்லில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண் செல்லில் 12 குரோமோசோம், அண்டத்தில் 12, சேர்ந்து கருவில் 24. மைய செல்லின் இரண்டு உட்கருவில் 24, வந்து சேர்ந்தது 12, ஆகக் கருவூண் திசுவில் 36. நாம் சோறாகச் சாப்பிடுவது இந்த 36 குரோமோசோம் திசுவை.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கரு உண்டானால் மட்டுமே உணவுக் கிடங்கு கட்டும் ஏற்பாடு இது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் கருவுறும் முன்பே உணவுத் திசு தயாராகிவிடும். கரு உண்டாகாவிட்டால் அந்தச் செலவு வீண். பூக்கும் தாவரம் கருவும் கிடங்கும் ஒரே நேரத்தில் தொடங்கும்படி பார்த்துக்கொள்கிறது. இதை முதலில் கண்டவர் ரஷ்ய ஆய்வாளர் செர்கேய் நவாஷின். லில்லியிலும் ஃப்ரிட்டில்லேரியாவிலும் கண்டதை 1898இல் கீவ் நகரில் அறிவித்தார். பிரான்சின் கின்யார் தனியாகக் கண்டு 1899இல் வெளியிட்டார். நம் நாட்டுக்கும் இத்துறையில் பெருமை உண்டு: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் பஞ்சானன் மகேஸ்வரி குழுவினர் கசகசாச் செடியின் சூல்களையும் மகரந்தத்தையும் சோதனைக் குழாயில் சேர்த்து, அங்கேயே கருவுறச் செய்து 1962இல் விதை கண்டார்கள்.

கருவூண் திசுவை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டுமா? இளநீர் வெட்டுங்கள். தண்ணீர், செல்சுவர் இல்லாமல் உட்கருக்கள் மிதக்கும் கருவூண். ஓரத்தில் வழுக்கையாகப் படிவது, செல்சுவர் கட்டிக்கொண்ட அதே கருவூண். கரு எங்கே என்றால், முற்றிய தேங்காயின் மூன்று கண்களில் மென்மையான கண்ணுக்கு நேர் உள்ளே சிறு ஆணிபோல் இருக்கும்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சுரைக்கொடிக்குப் பக்கத்தில் பாகல் வைத்தேன். சுரைக்காய் கசக்கிறது. பாகல் மகரந்தம் கலந்துவிட்டதா?
– வாசகர், அவிநாசி

இல்லை. சுரையும் பாகலும் வெவ்வேறு பேரினம். பாகல் மகரந்தத்தால் சுரை கருவுறாது. தவிர, சுரைக்காயின் சதை சூற்பையின் சுவர், அதாவது முழுக்கத் தாய்க் கொடியின் திசு. எந்த மகரந்தம் வந்தாலும் அது விதைக்குள்தான் மாற்றம் செய்யும், அந்த ஆண்டுச் சதையின் ருசியைத் தொடாது.

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். விதையிலேயே கசப்புக் குணம் இருக்கலாம். உங்கள் விதைக்கான தாய்ப் பூவில் போன பருவம் கசப்பு ரகச் சுரையின் மகரந்தம் சேர்ந்திருக்கலாம். கடும் வெயிலும் நீர்த் தட்டுப்பாடும் கசப்பைக் கூட்டும். கசக்கும் சுரைக்காயைச் சமைக்கவோ சாறு பிழிந்து குடிக்கவோ வேண்டவே வேண்டாம். வாந்தி, ரத்தப்போக்கு வரை கொண்டுபோய்விடும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. வேகவைத்தாலும் நச்சு போகாது. சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளக் கதிரை உரித்தால் அங்கங்கே மணி இல்லாமல் பொக்கையாக இருக்கிறது. பக்கத்து நிலத்தில் நன்றாக இருக்கிறது. எங்கே தவறு?
– விவசாயி, பெரம்பலூர்

கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூல்களைப் பாருங்கள். ஒவ்வொரு நூலும் ஒரு மணிக்கு உரியது. சூலகமுடியும் தண்டும் சேர்ந்த ஒரே இழை. அதில் ஒரு துகள் விழுந்து, 20, 30 சென்டிமீட்டர் நீளத்தையும் குழாய் கடந்து போனால்தான் அடியில் ஒரு மணி. இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். நூலுக்குத் துகள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் பொக்கை.

பொக்கை எங்கே இருக்கிறது என்பது காரணத்தைச் சொல்லும். கதிரின் அடிப்பக்க நூல்கள் முதலில் வெளிவரும், நுனி நூல்கள் கடைசியில். நுனி மட்டும் வெறுமையாக இருந்தால், அந்த நூல்கள் வரும்போது ஆண் பூங்கொத்தில் தூள் தீர்ந்திருக்கும். அல்லது கருவுற்ற பிறகு சத்தும் நீரும் குறைந்து நுனி மணிகள் கருகியிருக்கும். கதிர் முழுக்கச் சிதறலாகப் பொக்கை என்றால் துகளே போதவில்லை. இதற்குப் பெரும் காரணம் வறட்சி. பட்டு நூலின் பெரும்பகுதி தண்ணீர். அந்த வாரம் நீர் இல்லையென்றால் நூல் வெளிவருவது தள்ளிப்போகும். மேலே தூள் மட்டும் நேரத்துக்கு உதிர்ந்து முடிந்துவிடும். படைப்புழு நூலைக் கடித்துக் குட்டையாக்கியிருந்தாலும் இதே கதிதான். 38 டிகிரிக்கு மேல் அனல் அடித்தால் துகள் செத்துவிடும்.

கருவுற்றதா என்று கதிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூல் வந்து ஒரு வாரத்துக்குள் நாலைந்து கதிர்களைப் பறித்து, மேலுறையைக் கத்தியால் நீளமாகக் கீறி, நூல் அறாமல் பிரித்தெடுங்கள். கதிரைக் காம்பைப் பிடித்து மெல்ல உதறுங்கள். கருவுற்ற மணியின் நூல் அடியில் விட்டுப்போய் உதிர்ந்துவிடும்; கருவுறாத மணியின் நூல் ஒட்டிக்கொண்டே நிற்கும். நிற்கும் நூல்களை வைத்தே எத்தனை மணி போச்சு என்று சொல்லிவிடலாம்.

அடுத்த முறை ஆண் பூ தலைகாட்டுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நூல் கருகும்வரை ஈரம் குறைய விடாதீர்கள். மக்காச்சோள மகரந்தம் கனம் கூடியது, செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி விழுந்துவிடும். வரப்போரம் ஒற்றை வரிசை போடுவதைவிட, சிறு இடமானாலும் குறைந்தது நான்கு வரிசையாகச் சதுரமாகப் போடுங்கள்.

இனிப்பு மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சுரைக்காய்க்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இங்கே நாம் தின்பது கருவூண் திசு. அதில் தகப்பன் பங்கு உண்டு. பக்கத்தில் சாதா மக்காச்சோளம் அதே நாளில் பூத்தால் உங்கள் கதிரிலேயே மாவுத்தன்மையான மணிகள் வந்துவிடும். பூக்கும் நாள் இரண்டு வாரமாவது தள்ளிப்போகும்படி விதையுங்கள்.

கேள்வி: கோடை நெல்லில் பதர் அதிகம். நோய் எதுவும் கண்ணில் படவில்லை. வெயில்தான் காரணம் என்கிறார்கள், நம்பலாமா?
– விவசாயி, மன்னார்குடி

நம்பலாம், ஆனால் மற்றதை ஒதுக்கிவிட்டு நம்புங்கள். கதிர் முழுதும் வெளுத்து நின்று, இழுத்தால் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. உமியில் பழுப்புப் புள்ளிகளோடு மணி சப்பையாக இருந்தால் கதிர்நாவாய்ப்பூச்சி. கதிர் உறையிலிருந்து பாதிதான் வெளிவந்திருந்தால் இலையுறை அழுகல். இவை எதுவும் இல்லாமல், கதிர் நன்றாக வெளிவந்து, பதர் மட்டும் கலந்து நின்றால் பூக்கும் நேரத்து வெப்பத்தைச் சந்தேகிக்கலாம்.

நெல் பூ காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை திறக்கும். உமியின் இரு மூடியும் விலகி, ஆறு மகரந்தப்பைகள் வெளியே நீண்டு வெடித்து, தூள் அதே பூவின் இறகு போன்ற சூலகமுடியில் விழும். ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து மூடிக்கொள்ளும். நெல் மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான். அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிப்பதில்லை, தூள் குறைவாக விழுகிறது, விழுந்ததும் ஒழுங்காக முளைப்பதில்லை. மறுநாள் குளிர்ந்தாலும் மூடிய பூ திரும்பத் திறக்காது. ஒரு கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். ஆகவே எந்தெந்த நாள் சூடு என்பதைப் பொறுத்து ஒரே கதிரில் ஒரு பகுதி மணி, ஒரு பகுதி பதர் என்று கலந்து வரும்.

விதைப்புத் தேதியைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பு பூக்கும். அந்த வாரம் உச்ச வெயிலில் விழாதபடி நாற்று விடுங்கள்; காலையில் சீக்கிரம் பூக்கும் ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. பூக்கும் வாரத்தில் வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். அந்த வாரம் காலை எட்டிலிருந்து நண்பகல் வரை எந்தத் தெளிப்பும் வேண்டாம். திறந்த உமிக்குள் மருந்துத் தண்ணீர் புகுந்தால் தூள் கெட்டுவிடும்.

கேள்வி: கத்தரியில் பூவில் பாதி உதிர்கிறது. நுண்ணூட்டம் போட்டும் நிற்கவில்லை.
– வாசகி, ஆம்பூர்

உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். சில பூக்களில் பச்சைச் சூலகமுடி அந்தக் கூம்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். சிலவற்றில் சம உயரத்தில் இருக்கும். சிலவற்றில் கூம்புக்குள்ளேயே புதைந்து வெளியே தெரியாது. காய் பிடிப்பது முதல் இரண்டு வகை. புதைந்த வகையில் சூற்பையே சரியாக வளர்ந்திருக்காது, அது உதிரத்தான் செய்யும். எல்லாக் கத்தரியிலும் இந்த வகைப் பூ கொஞ்சம் இருக்கும். செடியில் காய்ச்சுமை கூடும்போதும் வெயில் ஏறும்போதும் அதிகமாகும். முற்றிய காய்களை உடனுக்குடன் பறித்துவிட்டால் அடுத்த பூக்கள் தேறும்.

மேலே துருத்திய பூக்களே உதிர்ந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். கத்தரி, தக்காளி இரண்டிலும் பையின் நுனி வழியாகத்தான் தூள் கொட்டும். அதற்குப் பூ அதிர வேண்டும். நீலப்பட்டை வண்டுத்தேனீயும் தச்சுத்தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அந்த அதிர்வைக் கொடுக்கும். நாம் வளர்க்கும் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வலைக்கூடாரத்துக்குள் வளர்த்தால் காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பைக் குச்சியால் தட்டுங்கள், அல்லது பேட்டரி பல் துலக்கியைக் காம்பில் ஓரிரு நொடி வையுங்கள்.

கேள்வி: பலாவில் சின்னப் பிஞ்செல்லாம் கறுத்து அழுகி விழுகிறது. தப்பிய பழத்திலும் சுளை குறைவு, சக்கைதான் அதிகம்.
– விவசாயி, பண்ருட்டி

கறுத்து விழுபவற்றில் பெரும்பாலானவை பிஞ்சே கிடையாது, ஆண் பூங்கொத்து. தூள் கொட்டி முடிந்ததும் அதன் வேலை தீர்ந்தது, பூஞ்சை படர்ந்து விழும். பெண் பூங்கொத்துக்குக் காம்பு தடிப்பாக இருக்கும், காம்பு சேரும் இடத்தில் தெளிவான பச்சை வளையம் இருக்கும். அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் வரும். அது விழுந்தால் மட்டும் நோய் பாருங்கள்.

பலாப்பழம் நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் ஒட்டிய ஒரே கொத்து. கருவுற்ற பூவின் இதழுறை சதைப்பிடித்துச் சுளையாகிறது. கருவுறாத பூவின் இதழுறை நாராக, சக்கையாக நின்றுவிடுகிறது. ஆக, சக்கை அதிகம் என்றால் மகரந்தம் போதவில்லை. பழம் ஒரு பக்கம் குழி விழுந்து கோணலாக இருப்பதும் இதனால்தான். தனி மரமாக நின்று, ஆண் கொத்தும் பெண் கொத்தும் ஒரே சமயத்தில் வராதபோது இது நேரும். பெண் கொத்தின் மேல் முள் போன்ற முனைகளிலிருந்து நுண்ணிய நூல்கள் வெளியே நீட்டும் நாட்களில், மஞ்சள் தூள் உதிரும் ஆண் கொத்தை, தேவையென்றால் வேறு மரத்திலிருந்து, பறித்து வந்து சுற்றிலும் தடவுங்கள். எல்லா நூலும் ஒரே நாளில் வராது. மூன்று நாலு நாள் தொடர்ந்து செய்ய வேண்டும்.

கேள்வி: விதையில்லாத் திராட்சை, வாழை எல்லாம் கருவுறாமல்தான் காய்க்கின்றனவா?
– வாசகர், கம்பம்

வாழை ஆம். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை மும்மடியம், அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை; கருவுறாமலே சதை பிடிக்கும். தாம்சன் விதையில்லாத் திராட்சை அப்படியில்லை: அது கருவுறுகிறது, பிறகு கரு பாதியில் நின்று விதை சிறு மெல்லிய தடமாகிவிடுகிறது. விதையில்லாத் தர்பூசணி மூன்றாவது வகை. அதுவும் மும்மடியம்தான், ஆனால் மகரந்தம் பட்டால்தான் காய் பெருக்கும். அதன் சொந்த மகரந்தம் வேலைக்கு ஆகாது. ஆகவே சாதாரண விதையுள்ள ரகத்தையும் இடையிடையே நட்டாக வேண்டும். முழு நிலத்துக்கும் விதையில்லாததை மட்டும் போட்டுவிட்டால் கொடி நிறையப் பூ இருக்கும், காய் இருக்காது.